எண்ணெய்க் கசடு மண்: டி.பி.எச். (மண்ணிலுள்ள மொத்த பெட்ரோலிய எண்ணெய்) 4.8 சதவீதத்தில் நிற்கிறது, பாக்டீரியா கல்ச்சர் போடலாமா?

மண்படுகை: கச்சா எண்ணெய் டேங்க் அடிக்கசடு கலந்த மண், 100 டன். மண்ணின் நுண்ணுயிரே எண்ணெயைத் தின்று தீர்க்கட்டும் என்று பரப்பியிருக்கிறோம். எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் ஷீட் மேல் 60 செ.மீ. உயரம். சாணம், தென்னைநார்க்கழிவு கலந்து வாரம் ஒருமுறை ரோட்டவேட்டர் ஓட்டுகிறோம். கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் 100:10:1 கணக்கில் ஒரு டன் யூரியாவையும் ஒரே தடவையில் போட்டாயிற்று. 6 சதவீத டி.பி.எச். 4.8-க்கு வந்து அசையவில்லை. அமோனியா நெடி அடிக்கிறது, பி.எச். 8.9. பாக்டீரியா கல்ச்சர் வாங்கலாமா?

நொதி: வேண்டாம், யூரியாதான் வில்லன். மண்ணில் ஈரம் 15 சதவீதம் என்றால் கிலோவுக்கு 150 மி.லி. தண்ணீர், அதில் உங்கள் யூரியாவின் நைட்ரஜன் 4.6 கிராம், அதாவது லிட்டருக்கு 30 கிராம். 2 கிராமைத் தாண்டினாலே உப்பழுத்தத்தில் நுண்ணுயிர் சுணங்கும். போதாததற்கு அமோனியா வேறு. 100:10:1 என்பது மேல்வரம்பு, 100:1:0.5-லேயே தொடங்கலாம். 6 டன் எண்ணெயில் கார்பன் சுமார் 5 டன். அதற்கு டி.ஏ.பி. உரம் 125 கிலோ, யூரியா 60 கிலோ, அதுவும் இரண்டு தவணையாகப் போட்டிருந்தாலே போதும். இப்போதைக்கு நைட்ரஜன் பக்கமே போகாதீர்கள்.

கரிமம்: 60 செ.மீ. உயரமா? ரோட்டவேட்டர் கத்தி 15, மிஞ்சினால் 20 செ.மீ. இறங்கும். அடியில் தோண்டிப் பாருங்கள். கருத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அங்கே காற்றே இல்லை. ஒரு கிலோ எண்ணெய் சிதைய 3 கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். பரப்பை இரட்டித்து 30 செ.மீ.க்குக் கொண்டுவந்து, அடிமண் மேலே வரும்படி முதலில் கலப்பையால் புரட்டுங்கள். அமோனியாவும் பறக்கும்.

ஆய்வகத்தான்: 4.8 என்ற எண்ணையே முதலில் சந்தேகப்படுங்கள். எண்ணெயைப் பிரிக்கும் கரைப்பானில் சாணத்தின் கொழுப்பும் நாரின் மெழுகும் சேர்ந்து வந்துவிடும். அவற்றை வடிகட்டும் சிலிக்கா ஜெல் சுத்திகரிப்புக்குப் பிறகு எடையெடுத்தார்களா? மாதிரியை முழு ஆழத்திலும் பத்துப் பன்னிரண்டு இடங்களில் எடுத்துக் கலக்க வேண்டும். கசடில் ஆஸ்பால்டீன் (தார் போன்ற கனமான பங்கு) அதிகமிருந்தால் அந்தப் பங்கு எந்த பாக்டீரியாவுக்கும் எளிதில் மசியாது, அதனால் எண்ணெயில் எந்தப் பங்கு எவ்வளவு என்று காட்டும் பின்னப் பகுப்பும் கேளுங்கள்.

மண்படுகை: சிலிக்கா ஜெல் போடவில்லையாம். அப்போ கல்ச்சர்?

நொதி: கிராமுக்கு 1,000-க்குக் கீழே எண்ணெய் தின்னும் பாக்டீரியா இருந்தால் மட்டும். டெரி (TERI) ஆய்வு நிறுவனத்தின் ஆயில்ஜாப்பர் கல்ச்சர் மாதிரி மக்காச்சோளத் தக்கைப்பொடியில் ஏற்றி வருவதும் பி.எச். 8.9-இல் நிற்காது. பி.எச். 8-க்குக் கீழே வந்தபின் ஆய்வகத்தில் பாக்டீரியாவை எண்ணிப் பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் தார்ப்பாயும் கசிவுநீர்க் குழியும் தயாராகட்டும்.