பல் மருத்துவர் பதிவு காலாவதி ஆகிவிட்டது, பழைய எண்ணே திரும்பக் கிடைக்குமா?

கேள்வி (திருமங்கலம், மதுரை மாவட்டம்)
தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலில் 2011-ல் பதிவு. 2017-க்குப் பிறகு புதுப்பிக்கவில்லை. மேலூரில் கிளினிக் வைக்க இடம் பார்த்து அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. புதிதாகப் பதிவு செய்ய வேண்டுமா? சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர். அவசரம்.

பதில் 1 (அண்ணா நகர்)
மேடம், புதுப் பதிவுக்குப் போகாதீங்க. 1948-ம் வருஷத்துப் பல் மருத்துவர் சட்டம், பிரிவு 39: ஏப்ரல் 1-க்கு முன்னாடி புதுப்பிப்புக் கட்டணம் கட்டலைன்னா பதிவாளர் பெயரை நீக்கணும். நீக்கின பெயரைத் திரும்பச் சேர்க்கவும் அதே பிரிவுதான் வழி விடுது. அதனால பழைய எண்ணைக் குறிப்பிட்டு "மறுசேர்க்கை"ன்னே மனு எழுதுங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடி, எந்தெந்த வருஷத்துக்கு எவ்வளவு நிலுவை, சி.டி.இ. (தொடர் பல் மருத்துவக் கல்வி) பாயிண்ட் எத்தனை காட்டணும்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. இந்த வருஷத்துக்கு மட்டும் கட்டினா நடுவுல உள்ள வருஷங்கள் அப்படியே நிக்கும்.

பதில் 2 (கே.கே. நகர்)
பணத்தைவிட இனிஷியல்தான் இழுக்கும். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் போடுங்கள். 2024-லிருந்து அதற்கு முத்திரைத்தாள் 200 ரூபாய். பழைய நினைப்பில் 20 ரூபாய்த் தாளில் எழுதிவிடாதீர்கள். சான்றிதழிலும் ஆதாரிலும் ஆங்கிலத்தில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே காப்பி செய்யுங்கள். ஒரு 'ஹெச்' கூடினாலும் பத்திரம் வீண். திருமணச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இரண்டையும் இணையுங்கள்.

பதில் 1
இன்னொண்ணு மேடம். பெயர் பதிவேட்டுல ஏறும்வரை போர்டு மாட்டாதீங்க, தெரிஞ்சவங்களுக்குக்கூட பல் எடுக்காதீங்க. பதிவு இல்லாம பார்க்கிறது சட்டப்படி குற்றம். எக்ஸ்ரே மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட (ஏ.இ.ஆர்.பி.) இலோரா இணையதளம், மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கிளினிக் பதிவுக்கு நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், இதெல்லாம் அப்புறம். இப்பவே மெஷினுக்குப் பணம் போட்டு முடக்காதீங்க.

கேள்வி கேட்டவர்
நன்றி சார். அசல் சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். பிரித்துவிடட்டுமா?

பதில் 2
பிரிக்கவே பிரிக்காதீர்கள். உறையோடு மையும் சேர்ந்து வந்துவிடும். அப்படியே கவுன்சிலுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதன்மேல் முத்திரை வைக்க முடியாது என்றால் நகல் சான்றிதழுக்கு அங்கேயே மனு கொடுங்கள். சென்னைக்கு நேரில் போவதானால் மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். அசலோடு எல்லாவற்றுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ், புகைப்படம் நாலு.