லக்கி மில்லிண்டர் இசைத்தட்டுகள்: யாரிடமாவது முழு விவரம் இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க ஜாஸ் குழுத் தலைவர் லக்கி மில்லிண்டரின் பிக் பேண்ட் (பெரிய வாத்தியக் குழு), டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் செய்த பதிவுகள் அடங்கிய ஒரு பழைய எல்பி இசைத்தட்டு கைக்கு வந்தது. உள்ளே இருக்க வேண்டிய விவரத்தாள் மட்டும் இல்லை. யார் எதை வாசித்தார்கள் என்று தெரியாமல் கேட்பது, கதாபாத்திரங்களின் பெயர் தெரியாமல் நாவல் படிப்பது போல இருக்கிறது!

ஸ்விங் ஜாஸ் (அந்தக் காலத்து நடன ஜாஸ்), ராக் அண்ட் ரோலுக்கு முன்னோடியான ரிதம் அண்ட் புளூஸாக மாறுவதை இந்தப் பதிவுகளில் காதாலேயே கேட்கலாம். 1941இல் பாடகி சிஸ்டர் ரொசெட்டா தார்ப் கிட்டாரோடு பாடுகிறார். 1942இல் 'லிட்டில் ஜான் ஸ்பெஷல்' பாட்டில் இளம் டிஸ்ஸி கில்லெஸ்பியின் டிரம்பெட். அப்புறம் 1944இல் பதிவாகி மறு வருடம் ஹிட்டான 'ஹூ த்ரூ த விஸ்கி இன் த வெல்'. அதில் வைனோனி ஹாரிஸின் குரல் கிட்டத்தட்ட ராக் அண்ட் ரோல்தான். இத்தனைக்கும் மில்லிண்டருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதாம்!

எனக்கு வேண்டியது இதுதான்: 1941 முதல் 1947 வரையான பதிவுகள் தேதி வரிசையில், வாசித்தவர்கள் பட்டியலோடு உள்ள சிடி எது? ஒலியை அதிகம் சுத்தம் செய்து டிரம்ஸைக் கொன்றுவிடாத பதிப்பாக இருந்தால் நல்லது. விவரத்தாள் வைத்திருப்பவர்கள் ஒரு போட்டோ எடுத்துப் போட்டாலும் போதும். இதே பாதையில் அடுத்து யாருடைய பேண்டைக் கேட்கலாம்: படி (Buddy) ஜான்சனா, எர்ஸ்கின் ஹாக்கின்ஸா? அதையும் சொல்லுங்கள்.