மறு: நாடு தாண்டும் பல்கலைக்கழக வலைகளுக்கு ஒரு சொல்

அன்பர்களே, வணக்கம்.

பல்கலைக்கழகங்களையும் ஆய்வகங்களையும் நாடு தாண்டி இணைக்கும் கணினி வலைகளைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற இந்த இழையை ரயிலில் போகும்போதும் வரும்போதும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எழுத நேரம் வாய்க்கவில்லை. எனக்குச் சொல் கொஞ்சம் அவசரமாக வேண்டும். ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்காக இங்கே ஒரு நூலகத்தில் இதைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். வருவோரில் பாதிப் பேர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளாக இருப்பார்கள். அவர்கள் முன்னால் நின்று "என்ரென், என்ரென்" என்று (தேசிய ஆராய்ச்சி, கல்வி வலை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) ஆங்கில எழுத்துகளை ஓதிக்கொண்டிருக்க மனம் வரவில்லை.

> "பிராந்திய ஆராய்ச்சி மற்றும் கல்வி வலையமைப்பு" என்பதில் என்ன குறை? பொருள் முழுதும் இருக்கிறதே.

ஐயா, பொருள் இருக்கிறது, வாயில்தான் நுழையவில்லை. ஒரு வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: "பூட்டானின் தேசிய ஆராய்ச்சி மற்றும் கல்வி வலையமைப்பு, ஆசியப் பிராந்திய ஆராய்ச்சி மற்றும் கல்வி வலையமைப்பின் வழியாக, ஐரோப்பியப் பிராந்திய ஆராய்ச்சி மற்றும் கல்வி வலையமைப்புடன் இணைகிறது." வினைச்சொல் வருவதற்குள் கேட்பவர் தேநீர் குடிக்கப் போய்விடுவார். அந்த "மற்றும்" வேறு. "அம்மா மற்றும் அப்பா வந்தார்கள்" என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. கலைச்சொல்லில் மட்டும் எதற்கு?

நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய தொல்லை முதல் சொல்லில் இருக்கிறது. சிங்கப்பூரில் நாங்கள் "வட்டாரம்" என்போம். செய்தியில் "வட்டார நாடுகள்" என்று வந்தால் மலேசியா, இந்தோனீசியா, தாய்லாந்து என்று எல்லாருக்கும் புரியும். அதையே தமிழ்நாட்டில் சொன்னால் வட்டார வளர்ச்சி அலுவலர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், அப்புறம் வட்டார வழக்கு. யாழ்ப்பாணத்தில் "எத்தனையாம் வட்டாரம்?" என்று கேட்டால் ஊருக்குள்ளேயே ஒரு பகுதியைக் காட்டுவார்கள். சரி, "மண்டலம்" என்று வைப்போமா? சென்னை மாநகராட்சியில் மண்டலங்கள் இருக்கின்றன. சித்த மருத்துவரிடம் போனால் ஒரு மண்டலம் என்பது 48 நாள். "பிராந்தியம்" இலங்கை நண்பர்களுக்கு நன்றாகப் பழகியது. ஆனால் அங்கேயும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் என்பவர் ஏறக்குறைய ஒரு மாவட்டத்தைத்தான் பார்த்துக்கொள்கிறார்.

ஆக, மூன்று சொல்லும் பெரும்பாலும் நாட்டைவிடச் சின்னதையே குறிக்கின்றன. நமக்கு வேண்டியது நாட்டைவிடப் பெரியது. எங்களுக்கு நாடே ஊரளவு என்பதால் வட்டாரம் தானாக வெளிநாடு ஆகிவிட்டது, அவ்வளவுதான். அந்தச் சலுகையை மற்றவர்கள் மீது திணிக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நான் வேலையில் அன்றாடம் கேட்கும் பெயர் டெயின், ஆசிய நாடுகளின் பல்கலைக்கழக வலைகளைத் தமக்குள்ளும் ஐரோப்பாவோடும் இணைப்பது. 2000ஆம் ஆண்டு சோல் நகரில் நடந்த ஆசிய ஐரோப்பிய உச்சநிலைக் கூட்டத்தில் உருவானது. பெயரிலேயே "யூரேசியா கடந்த" என்று இருக்கிறது. இரண்டு கண்டங்களைத் தொடும் ஒன்றை எந்த வட்டாரத்துக்குள் அடைப்பது? "நாடிடை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுத்தில் பார்த்தவுடன் நாடி பார்க்கிற வைத்தியர் நினைவுக்கு வருகிறார். எனக்கு "பன்னாட்டு" போதும். இடப்பெயர் முன்னால் வரும்போது அதுகூட வேண்டாம். "ஆசிய", "லத்தீன் அமெரிக்க" என்று சொல்லிவிட்டால் வட்டாரம் என்று தனியாக எதற்கு?

> தம்பி, இதுவும் இணையம்தானே? பல்கலைக்கழகம் ஒரு நிறுவனத்திடம் இணைப்பு வாங்கிக்கொள்கிறது. அதற்குத் தனிப்பெயர் எதற்கு?

பினாங்கு அக்கா, இதே கேள்வியை நிதிப் பிரிவுக்காரர்கள் எங்களிடமும் கேட்பதுண்டு. சொல்லுக்குப் போகும் முன் இதற்குப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறுபாடு இல்லையென்றால் கலைச்சொல்லும் வேண்டாம்.

ஒரு மரபணு ஆய்வகம் 1 டெராபைட் தரவை இன்னோர் ஊருக்கு அனுப்ப வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில், வேகம் துளியும் குறையாமல் ஓடினாலும் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 10 கிகாபிட் இணைப்பில் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வேகம் கூடுதலாக வாங்கினால் போதுமே என்பீர்கள். போதாது. வணிக வலை என்பது ஆயிரக்கணக்கான வீடுகள் ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்தும் என்ற கணக்கில் கட்டப்படுவது. ஒரே ஆய்வகம் ஒரே ஓட்டமாக மணிக்கணக்கில் குழாயை நிரப்பினால் அந்தக் கணக்கு உடைந்துவிடும், எங்கோ ஓரிடத்தில் பொதிகள், அதாவது தரவுத் துண்டுகள், தொலைய ஆரம்பிக்கும். தரவை அனுப்பும் இணைய விதிமுறையான வழக்கமான டிசிபி, ஒரு பொதி தொலைந்ததும் வேகத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டு மெல்ல மெல்ல ஏறும். தூரம் கூடினால் ஏறுவதும் தாமதம். முழு வேகத்தைத் தொடுவதற்குள் அடுத்த பொதி தொலைந்திருக்கும். பல்கலைக்கழக வலைகள் வேண்டுமென்றே பாதையைக் காலியாக விட்டுவைப்பதற்குக் காரணம் இதுதான். வணிகக் கண்ணுக்கு அது வீண் செலவாகத் தெரியும்.

அடுத்தது பாதை. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். ஒளியிழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப 29 மில்லிநொடி. அதே பொதி லண்டன் வழியாகப் போனால் ஒருவழித் தூரமே 19,000 கிலோமீட்டரைத் தொட்டுவிடும், போய்த் திரும்ப 190 மில்லிநொடி. கடலடிக் கம்பி நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் இன்னும் கூடும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான்.

வளரும் நாடுகளின் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் இப்படித்தான் தங்களுக்குள் பேசிக்கொண்டன. லத்தீன் அமெரிக்காவில் பக்கத்துப் பக்கத்து நாடுகளின் பொதிகள் அமெரிக்கா போய்த் திரும்பின. 2003இல் தொடங்கப்பட்ட கிளாரா அமைப்பு, அடுத்த ஆண்டு தன் ரெட்கிளாரா வலையை ஓடவிட்ட பிறகுதான் சாவோ பாலோ, புவெனஸ் அயர்ஸ், சாந்தியாகோ என்று நேராக ஒரு முதுகெலும்பு கிடைத்தது. ஆப்பிரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். 2009இல் சீகாம் கடலடிக் கம்பி கிழக்குக் கரைக்கு வரும்வரை அங்கே பல நாடுகள் துணைக்கோளை நம்பித்தான் இருந்தன. கடல் தாண்டும் கட்டணம் முழுவதும் ஏழை நாட்டின் தலையில்தான் விழுந்தது என்பது இதில் எனக்கு எரிச்சலூட்டும் பகுதி. பக்கத்து நாட்டுப் பேராசிரியருக்கு மடல் அனுப்பினாலும் ஐரோப்பாவுக்கு வழிச்செலவு கட்ட வேண்டியிருந்தது.

பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஃபுகுவோகாவில் உள்ள கியூஷு பல்கலைக்கழக மருத்துவமனை, இந்த வலைகளின் வழியாக அறுவை சிகிச்சைக் காட்சிகளை ஆசிய நாடுகளின் மருத்துவர்களுக்கு நேரலையாகக் காட்டிப் பயிற்சி கொடுத்திருக்கிறது. அப்போது அவர்கள் பயன்படுத்திய முறைக்கு நொடிக்கு சுமார் 30 மெகாபிட் தேவை. படத்தை நசுக்கி அனுப்பினால் திசுவின் நிறமும் நூலின் அசைவும் மங்கிப்போகும், மருத்துவருக்குப் பயன்படாது. பல்கலைக்கழகங்களின் பொது வைஃபை ஏற்பாடான எடுரோமை உங்கள் எல்லாருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கைப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் இங்கே வந்து மடிக்கணினியைத் திறந்தால், யாரிடமும் கடவுச்சொல் கேட்காமலே வைஃபை இணைகிறது. சரிபார்ப்பது அவருடைய சொந்தப் பல்கலைக்கழகம்தான், எங்கள் வழங்கி அவர் கடவுச்சொல்லைப் பார்ப்பதே இல்லை. எந்த வணிக நிறுவனமும் இதைக் கடையில் வைத்து விற்கவில்லை. பல்கலைக்கழகங்கள் ஒன்றையொன்று நம்பச் சம்மதித்ததால் நடக்கிறது.

> அந்த நம்பிக்கைதான் இதன் உயிர். எனவே "கூட்டுவலை".

மொறட்டுவை நண்பர் இதை முன்வைத்ததும் எனக்கு உடனே பிடித்தது. அவருடைய ஊர் வரலாறு அப்படி. இலங்கையின் பல்கலைக்கழக வலையான லேர்ன் 1990 வாக்கில் பல்கலைக்கழகங்களுக்கு இடையே மின்னஞ்சலை மட்டும் எடுத்துச் சென்ற சிறு ஏற்பாடாகத் தொடங்கி, பல்கலைக்கழகங்களே உறுப்பினராக உள்ள அமைப்பாக வளர்ந்தது. ஆப்பிரிக்க வலைகளின் கூட்டமைப்பான உபுண்டுநெட்டும் அப்படித்தான்: மலாவி, மொசாம்பிக், கென்யா, ருவாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் வலைகள் 2005 வாக்கில் ஒன்றுசேர்ந்தன. கம்பி வருவதற்கு முன்பே சங்கம் வந்துவிட்டது! தாங்கள் ஒரே வாங்குவோராகப் பேரம் பேசினால் விலை குறையும் என்று கணக்குப் போட்டார்கள். கொடையாளர் பணம் தீர்ந்த பின்னும் எந்த வலை ஓடும் என்று கேட்டால், உறுப்பினர் சந்தா வசூலிக்கக் கற்றுக்கொண்ட வலைதான் என்பேன். டெயினிலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்கு கட்டத்துக்குக் கட்டம் குறைந்து, நாடுகளின் பங்கு கூடிக்கொண்டே வந்திருக்கிறது.

ஆனால் அரசு நடத்தும் வலைக்கு இந்தப் பெயர் பொருந்தாது என்ற சென்னை ஐயாவின் மறுப்பை லேசாகத் தள்ள முடியாது. இந்தியாவின் தேசிய அறிவு வலையமைப்பு 2010இல் 5,990 கோடி ரூபாய் ஒதுக்கி அரசு கட்டியது. நடத்துவது தேசியத் தகவலியல் மையம். அதில் சங்கமும் இல்லை, சந்தாவும் இல்லை. 1986இல் ஐந்து ஐஐடிகளையும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தையும் உள்ளடக்கித் தொடங்கிய கல்வி, ஆய்வு வலையான எர்நெட்டும் அரசுத் துறையின் திட்டமாக, ஐநா வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு வந்ததுதான். "கூட்டுவலை" என்று பெயர் வைத்தால் இவை வெளியே நிற்கும். உரிமை யாருடையது என்பது முக்கியம், மறுக்கவில்லை. அது வரையறைக்குள் வரட்டும், பெயருக்குள் வேண்டாம். (கூட்டு என்றதும் பொரியல் எங்கே என்று கேட்பார்கள் என்ற நகைச்சுவையை நான் காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.)

மற்ற யோசனைகளில், "கல்விவலை" பாடம் நடத்தும் தளம்போல் ஒலிக்கிறது. "ஆய்வுவலை" என்றால் தமிழ்நாட்டில் ஆட்சியர் ஆய்வுக்கு வந்த மாதிரி இருக்கும். "கழகவலை" என்றால் எந்தக் கழகம் என்று கேட்பார்கள், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

என் பரிந்துரை: பல்கலைவலை.

நாளிதழ்கள் ஏற்கெனவே பல்கலைக்கழகத்தைப் "பல்கலை" என்று சுருக்கிவிட்டன, எனவே கேட்டவுடன் யாருடைய வலை என்று புரிகிறது. ஆய்வா கல்வியா என்று பிரிக்க வேண்டியதில்லை, ஒரே கட்டடத்தில் இரண்டும் நடக்கின்றன. அரசு நடத்தினாலும் சங்கம் நடத்தினாலும் பொருந்தும். மேலே சொன்ன பூட்டான் வாக்கியம் இப்படி ஆகிறது: "பூட்டானின் பல்கலைவலை, ஆசியப் பல்கலைவலை வழியாக ஐரோப்பியப் பல்கலைவலையுடன் இணைகிறது." மூச்சு வாங்கவில்லை.

மறுப்பு வரும் என்று தெரியும். மருத்துவமனை, நூலகம், ஆய்வுக்கூடம் எல்லாம் பல்கலைக்கழகமா? இல்லைதான். ஆனால் பல கலைகளும் கூடும் இடம் என்ற பொருளில் அவற்றுக்கும் இடம் இருக்கிறது. எங்கள் சிங்கப்பூர் வலையான சிங்காரெனிலும், 1997 முதல் நடக்கிறது, பல்கலைக்கழகங்களோடு ஆய்வு அமைப்புகளும் உண்டு. கலை, வலை என்று எதுகை விழுந்து சினிமாப் பெயர்போல இருக்கிறது என்றும் சொல்லலாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை, பிள்ளைகளுக்கு எளிதில் மனப்பாடம் ஆகும் என்பதைத் தவிர.

> வலை என்றால் வலைத்தளம், வலைப்பூ. கணினிகளை இணைப்பது பிணையம்.

அக்கா, பாடநூலில் பிணையம் இருக்கட்டும். பொதுமக்கள் முன்னால் "பிணை" என்றால் நீதிமன்றச் செய்தி நினைவுக்கு வரும். எங்கள் ஊர் ஊடகங்கள் நெட்வொர்க்கைக் "கட்டமைப்பு" என்கின்றன. மற்ற ஊர்களில் அது வேறு பொருள். ஸ்பானிய மொழியில் மீன்பிடி வலைக்கும் கணினி வலைக்கும் "ரெட்" என்ற ஒரே சொல்தான். ரெட்கிளாராவின் "ரெட்" அதுவே. அவர்களுக்கு அதனால் ஒரு குழப்பமும் வந்ததாகத் தெரியவில்லை. கூட்டுச்சொல்லில் வரும்போது எந்த வலை என்பதை முன்சொல் சொல்லிவிடும்.

சொற்பட்டியலுக்கு என் வரைவு:

பல்கலைவலை: பல்கலைக்கழகங்கள், ஆய்வகங்கள், போதனா மருத்துவமனைகள் முதலியவற்றைத் தமக்குள்ளும் பிற நாட்டு நிறுவனங்களுடனும் இணைக்கும், வணிக நோக்கமற்ற கணினி வலை. உறுப்பினர் சங்கமோ அரசோ நடத்தலாம். ஒரு நாட்டுக்குள் இருப்பது நாட்டுப் பல்கலைவலை. பல நாடுகளின் வலைகளை இணைப்பது பன்னாட்டுப் பல்கலைவலை.

"போதனா மருத்துவமனை" இலங்கை வழக்கு என்பது தெரியும், எல்லாருக்கும் புரிகிறது என்பதால் எடுத்துக்கொண்டேன். மொறட்டுவை நண்பர் "உறுப்பினர் சங்கமோ" என்ற இடத்தில் இன்னும் அழுத்தமாக எழுத விரும்பினால் திருத்தி அனுப்பட்டும். "பியரிங்" இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. காசு வாங்காமல் இரண்டு வலைகள் பொதிகளைக் கைமாற்றிக்கொள்வதற்குக் "கொண்டுகொடுத்தல்" என்று மதுரையிலிருந்து வந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அதற்குத் தனி இழை தொடங்கிவிடுங்கள், இதில் கலக்க வேண்டாம்.

அன்புடன்,
கிளமெண்டியிலிருந்து