பவளத் தொட்டி முழுக்கத் துரு நிறப் புழு, மருந்து ஊற்றலாமா?

கேள்வி:
ஒரு மாதமாக மணலிலும் பாறையிலும் துரு நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். பாசி என்று விட்டுவிட்டேன். நேற்று லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊர்கிறது, வால் பக்கம் மூன்றாகப் பிரிந்திருக்கிறது. காளான் பவளங்கள் மேலும் படர்ந்துவிட்டது, அவை விரிவதே இல்லை. மருந்து ஊற்றிவிடலாமா? மீன்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பதில் 1:
சிவப்புத் தட்டைப்புழு. பவளத்தைத் தின்னாது, மேலே மூடி வெளிச்சத்தை மறைக்கும். மருந்தைவிட அது சாவதுதான் ஆபத்து. மொத்தமாகச் செத்தால் உடம்பிலிருக்கும் நஞ்சு தண்ணீரில் கலந்து மீன்களையே கொன்றுவிடும். அதனால் முதலில் மெல்லிய குழாய் வைத்துத் தினமும் உறிஞ்சி எடுங்கள். நன்றாகக் குறைந்த பிறகு ஃபிளாட்வோர்ம் எக்ஸிட் என்ற தட்டைப்புழு மருந்து போடலாம், ஆனால் நஞ்சை உறிஞ்சும் புது கார்பனும் கலந்து வைத்த உப்புத் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். புழுக்கள் சுருண்டு மிதக்கத் தொடங்கியதும் உறிஞ்சிக்கொண்டே இருங்கள், அப்புறம் தண்ணீர் மாற்றி கார்பன் போடுங்கள்.

பதில் 2:
சிக்ஸ்லைன் ராஸ் மீன் சிலரிடம் தின்னும், என்னுடையது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீல வெல்வெட் கடல் நத்தை இதை மட்டுமே தின்னும், புழு தீர்ந்தால் பட்டினியில் சாகும். எனக்கு அதை வாங்க மனமில்லை.

பதில் 3:
அக்ரோபோரா என்ற கிளைவிடும் பவளம் இருந்தால் அதையும் பாருங்கள். அதைத் தின்னும் தட்டைப்புழு வேறு, பவள நிறத்திலேயே ஒட்டிக்கிடக்கும், வெளிறிய வட்டக் கடித் தடம்தான் அடையாளம். மருந்துத் தண்ணீரில் முக்கினாலும் முட்டை சாகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

கேட்டவர்:
சரி, அக்ரோபோரா இல்லை. இன்று மாலையே குழாயோடு உட்காருகிறேன்.