52-லிருந்து 27 போனால் 35 என்கிறான்: வீட்டில் கழித்தல் பயிற்சி எப்படிக் கொடுப்பது?

மூன்றாம் வகுப்பு அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு எட்டு வயது. கூட்டல் ஓரளவு வந்துவிட்டது, கழித்தலில்தான் வண்டி நிற்கிறது. நேற்று ராத்திரி 52 − 27 கொடுத்தேன். 35 என்று எழுதினான். தப்பு, மறுபடி போடு என்றேன். அழித்துவிட்டு மறுபடியும் 35. மூன்றாவது தடவை அழித்ததில் தாள் கிழிந்தது. நான் கத்தினேன், அவன் அழுதான், அவன் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஒரு மாதமாகத் தினமும் இருபது கணக்கு நானே நோட்டில் எழுதிக் கொடுக்கிறேன். முன்னேற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இப்போதெல்லாம் அந்த நோட்டை எடுத்தாலே பாத்ரூம் போகணும் என்கிறான்.

"பக்கத்து எண்ணிடம் கடன் வாங்கு" என்று சொல்லிக் கொடுத்தால், "வாங்கினதை எப்போம்மா திருப்பித் தருவோம்?" என்று கேட்கிறான். என்னிடம் பதில் இல்லை. எனக்கும் சின்ன வயதிலிருந்தே கணக்கு என்றால் வயிற்றைக் கலக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். இருபதை முப்பதாக்கவா, இல்லை டியூஷனில் சேர்க்கவா?

ஓய்வுபெற்ற டீச்சர்:

இரண்டும் வேண்டாம்மா. முதலில் அந்த நோட்டை ஒரு வாரம் உள்ளே வையுங்கள்.

35 சும்மா வந்த விடை இல்லை. 2-லிருந்து 7 போகாது என்று அவனுக்குத் தெரிகிறது, அதனால் 7-லிருந்து 2-ஐ எடுத்து 5 போட்டிருக்கிறான். அடுத்து 5-லிருந்து 2 போனால் 3. "பெரியதிலிருந்து சின்னதை எடு" என்று அவனுக்கு யாரோ எப்போதோ சொன்னதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறான், அவ்வளவுதான். நான் பாடம் எடுத்த எல்லா வருடமும் இந்த 35-ஐ யாராவது ஒரு பிள்ளை எழுதிக் காட்டியிருக்கிறது. சந்தேகமாக இருந்தால் 64 − 38 கொடுத்துப் பாருங்கள், 34 என்பான். இருபது கணக்கு கொடுத்தால் அதே தப்பை இருபது தடவை பழகிக்கொள்வான்.

52 தீக்குச்சி எடுத்துக்கொள்ளுங்கள் (மருந்தைக் கிள்ளி எறிந்துவிட்டு). பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "இதிலிருந்து எனக்கு 27 எடுத்துக் கொடு" என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் கஷ்டம். இரண்டு கட்டை நீட்டுவான். ஏழு உதிரிக்குக் கையை விடுவான், இரண்டுதான் இருக்கும். கொஞ்ச நேரம் உங்கள் முகத்தைப் பார்ப்பான். நீங்கள் வேறு பக்கம் பாருங்கள். தானாகவே ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றுவான்.

அவன் கேட்ட கடன் கேள்வி நல்ல கேள்வி. கடனே கிடையாது, அதனால் திருப்பித் தரவும் வேண்டாம். ஐந்து கட்டு, இரண்டு உதிரியாக இருந்தது இப்போது நாலு கட்டு, பன்னிரண்டு உதிரி. மொத்தம் அதே 52. அந்தச் சொல்லை விட்டுவிட்டு "கட்டைப் பிரி" என்று சொல்லிப் பழக்குங்கள்.

இன்னொன்று. எண்ணைத் தமிழிலும் சொல்லச் சொல்லுங்கள். ஐம்பதில் ஐந்தும் பத்தும் காதில் விழும், அறுபதில் ஆறு, எழுபதில் ஏழு. 'ஃபிஃப்டி'யில் அவ்வளவு தெளிவாகக் கேட்காது. தொண்ணூறில் மட்டும் இடறும், அங்கே ஒன்பதைக் காணோம், நூறு எட்டிப் பார்க்கிறது. என் வகுப்பில் ஒரு பெண் எண்பத்தொன்பதுக்கு அப்புறம் "ஒன்பது பத்து" என்றாள். தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வாண்டுகளின் அப்பா:

டீச்சர் சொன்னதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் உங்களுக்கும் கணக்கு என்றால் வயிற்றைக் கலக்கும் என்றீர்களே அம்மா, அதற்கு மட்டும் ஒன்று. 2015-ல் அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. கணக்குப் பயமுள்ள பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உட்கார்ந்தால், அந்த ஆண்டு பிள்ளை கற்றுக்கொள்வது குறைகிறது என்று பார்த்திருக்கிறார்கள். அதே பயமுள்ளவர்கள் அதிகம் உதவாத வீடுகளில் அப்படி ஆகவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டிவி சத்தத்தைக் கூட்டியவரிடம் தீக்குச்சிக் கட்டை ஒப்படையுங்கள்.

எங்கள் வீட்டில் எடுபட்டது பகடை. ஆளுக்கு 50-ல் ஆரம்பம். இரண்டு பகடையை உருட்டி, விழுந்ததைக் கூட்டி, கையிருப்பில் கழிக்க வேண்டும். முதலில் 0 தொடுபவர் ஜெயித்தார். ஒருவர் போட்ட கழித்தலை மற்றவர் சரிபார்க்கணும். நான் வேண்டுமென்றே அவ்வப்போது தப்பாகக் கழிப்பேன். என் தப்பைப் பிடிக்கிற சந்தோஷத்தில் பெரியவன் என்னைவிட வேகமாகக் கணக்குப் போட ஆரம்பித்தான். ஆனால் வேண்டுமென்றே தோற்காதீர்கள். கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பழைய வாய்ப்பாடு:

குச்சி, பகடை எல்லாம் சரி. ஆனால் கட்டைப் பிரித்த பிறகு 12-லிருந்து 7 போனால் எத்தனை என்று பையன் விரல் விட்டு எண்ணினால்? அதற்குள் எதற்குப் பிரித்தோம் என்பதே மறந்துபோகும். இந்தக் காலத்தில் மனப்பாடம் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். கூட்டினால் 10 வரும் ஜோடிகள் ஐந்துதான்: 1-9, 2-8, 3-7, 4-6, 5-5. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரணும்.

ஓய்வுபெற்ற டீச்சர்:

இதில் ஐயாவோடு எனக்குச் சண்டையே இல்லை. அந்த ஐந்து ஜோடி இருந்தால் 12 − 7 தானே வரும்: 7-க்கு 3 சேர்ந்தால் 10, மேலே 2, ஆக 5. தூக்கத்தில் எழுப்ப மட்டும் வேண்டாம். செருப்பு மாட்டும்போது "மூன்று!" என்று கத்துங்கள், அவன் "ஏழு!" என்று கத்தட்டும். ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் போதும்.

மூன்றாம் வகுப்பு அம்மா:

பத்து நாள் கழித்து வருகிறேன். 64 − 38 கொடுத்தேன், டீச்சர் சொன்ன மாதிரியே 34. சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் அவன் கவனமில்லாமல் போடுகிறான் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன்.

குச்சியை அவன் அப்பாவிடம் கொடுத்தேன். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் பேண்டைக் கழற்றும் முன் "கழற்றலாமாப்பா?" என்று கேட்டான். இவர் பதில் சொல்லவில்லை (டிவி பார்த்துக்கொண்டிருந்ததால்தான், வேறு காரணம் இல்லை). கழற்றினான். 25 என்றான்.

சரி, முடிந்தது என்று நினைத்து நேற்று நோட்டில் அதே 52 − 27 எழுதினேன். மறுபடியும் 35! கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் கத்தாமல், "எப்படிடா போட்டே?" என்று கேட்டேன். "கட்டைப் பிரிச்சேன், பன்னிரண்டிலேர்ந்து ஏழு போனா அஞ்சு. அஞ்சிலேர்ந்து ரெண்டு போனா மூணு" என்றான். பிரித்த கட்டை எண்ணிக்கையில் குறைக்கவில்லை. விடை பழைய 35-தான், தப்பு புதுசு. கேட்காமல் விட்டிருந்தால் பத்து நாளும் வீண் என்று முடிவு கட்டியிருப்பேன்.

ஓய்வுபெற்ற டீச்சர்:

அருமை. இந்த 35 அந்த 35-ஐவிட எவ்வளவோ மேல். குச்சியையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ரப்பரைக் கழற்றின கை, அடுத்த நொடியே நோட்டில் 5-ஐ அடித்து மேலே 4 எழுதணும். அப்புறம்தான் கழிக்கணும். ஒரு நாளைக்கு நாலு கணக்குப் போதும்.

402 − 168 வரும்போது மறுபடி இங்கே எழுதுங்கள். நடுவில் பிரிக்க ஒரு கட்டுகூட இருக்காது, அப்போது இன்னொரு ரகளை இருக்கிறது.