லேப்டாப்பில் குறிப்பு, புரொஜெக்டரில் ஸ்லைடு: பிரசென்டர் வியூ வரவில்லை, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். வெள்ளிக்கிழமை பவர்பாயிண்ட் போட்டுப் பேச வேண்டும். என் திரையில் குறிப்புகள் தெரிய வேண்டும், கேட்பவர்களுக்கு ஸ்லைடு மட்டும் போக வேண்டும். ஆனால் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் இரண்டிலும் ஒரே படம்தான் வருகிறது. "யூஸ் பிரசென்டர் வியூ" டிக் போட்டுத்தான் இருக்கிறது. விண்டோஸ் 11. ஸ்லைடுகளில் எண்கள் நிறைய, குறிப்பு இல்லாமல் பேசுவது கஷ்டம்.

பதில்:
பவர்பாயிண்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், முதலில் விண்டோஸைப் பாருங்கள். அது "டூப்ளிகேட்"டில் இருந்தால் இரண்டு திரையையும் ஒன்றாகத்தான் எண்ணிக்கொள்ளும். டிக் போட்டும் பலன் இருக்காது. விண்டோஸ் பட்டனைப் பிடித்துக்கொண்டு பி-யைத் தட்டி "எக்ஸ்டெண்ட்" தேர்ந்தெடுங்கள். அப்புறம் எஃப்5.

கேட்டவர்:
நன்றி, பிரசென்டர் வியூ வந்துவிட்டது! ஆனால் இடம் மாறி வருகிறது. குறிப்புகள் புரொஜெக்டரில், ஸ்லைடு லேப்டாப்பில். சபைக்கு முன்னால் இப்படி ஆனால் என்ன செய்வது?

இன்னொரு பதில்:
பயப்படாதீர்கள், ஷோவை நிறுத்தாமலே மாற்றலாம். பிரசென்டர் வியூவின் மேல்பக்கத்தில் "டிஸ்ப்ளே செட்டிங்ஸ்" இருக்கும். அதற்குள் "ஸ்வாப் பிரசென்டர் வியூ அண்ட் ஸ்லைடு ஷோ". அதை அழுத்தினால் இரண்டும் இடம் மாறிவிடும். முன்கூட்டியே சரிசெய்ய, "ஸ்லைடு ஷோ" டேபில் "மானிட்டர்" என்ற இடத்தில் "ஆட்டோமேட்டிக்" என்பதை எடுத்துவிட்டு புரொஜெக்டரைத் தேர்ந்தெடுங்கள். பேச்சு நாளன்று இதைத்தான் நான் நம்புவேன்.

வீட்டில் புரொஜெக்டர் இல்லாமல் பழக ஆல்ட்டும் எஃப்5-உம் சேர்த்து அழுத்துங்கள். ஒரே திரையிலேயே பிரசென்டர் வியூ திறக்கும். குறிப்பின் எழுத்து சின்னதாக இருந்தால் கீழே இருக்கும் 'A' பட்டனில் பெரிதாக்கிக்கொள்ளலாம். நின்றுகொண்டு படிக்க வேண்டும் அல்லவா, இதை இப்போதே பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்:
மாறிவிட்டது, மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: நடுவில் ஒரு இணையப் பக்கத்தைக் காட்ட வேண்டும். பிரவுசர் என் திரையில் மட்டும்தான் திறக்கிறது, அவர்களுக்கு ஸ்லைடுதான் தெரிகிறது.

முதலில் பதில் சொன்னவர்:
எக்ஸ்டெண்டில் அப்படித்தான் இருக்கும். பக்கத்தை முன்பே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். காட்ட வேண்டிய நேரத்தில் பிரவுசரைச் சொடுக்கிவிட்டு விண்டோஸ், ஷிஃப்ட், வலது அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஜன்னல் புரொஜெக்டருக்குத் தாவிவிடும். முடிந்ததும் மறுபடி அதே மூன்று பட்டன்கள், உங்கள் திரைக்கே திரும்பும். அப்புறம் பிரசென்டர் வியூவை ஒருமுறை சொடுக்கிவிட்டுத்தான் அடுத்த ஸ்லைடுக்குப் போங்கள், இல்லையென்றால் நீங்கள் அழுத்தும் பட்டனெல்லாம் பிரவுசருக்கே போகும்.

பக்கத்தில் வீடியோ ஏதாவது இருந்தால் சத்தத்தையும் சோதியுங்கள். எச்டிஎம்ஐ செருகியதும் சத்தம் புரொஜெக்டருக்குப் போய்விடுவது உண்டு. டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, எந்த ஸ்பீக்கர் வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம்.