‘ஃபிரட்டர்னல் அங்கிள்’ என்று எழுதலாமா?

தக்கலை டியூஷன் டீச்சர்:

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டில் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். பாட்டர்னல் என்றால் அப்பா வழி, மெட்டர்னல் என்றால் அம்மா வழி என்று நடத்தி முடித்ததும் ஒரு பையன், குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் தன் சித்தப்பாவை ‘மை ஃபிரட்டர்னல் அங்கிள்’ என்று எழுதிக் கொண்டுவந்தான். கேட்டால், அப்பாவுக்குத் தம்பிதானே டீச்சர், தம்பி என்றால் பிரதர், அப்போ ஃபிரட்டர்னல் சரிதானே என்கிறான். அவன் யோசித்த வழி நல்ல வழிதான், ஆனால் வாக்கியம் காதுக்கு ஒட்டவில்லை. காரணம் சொல்லாமல் சிவப்பு மையில் அடிக்க எனக்கு மனசு வரவில்லை. டிக்‌ஷனரியில் ‘சகோதரத்துவமான’ என்று ஒரே வரிதான் இருக்கிறது.

இன்னொரு பிள்ளை அதோடு சேர்த்து, அவள் அத்தை மகளுக்குப் பிறந்த ரெண்டும் பெண் குழந்தைகள், டாக்டர் ஃபிரட்டர்னல் ட்வின்ஸ் என்றாராம், பெண்ணுக்கு எப்படி அந்தச் சொல் பொருந்தும் என்கிறாள். தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

கோட்டாறு வாத்தியார்:

டீச்சர், அந்தப் பையனைப் பாராட்டிவிட்டுத் திருத்துங்கள். பாட்டர்னல், மெட்டர்னல், ஃபிரட்டர்னல் மூன்றுமே லத்தீனிலிருந்து வந்தவை. ஃப்ராட்டெர் என்றால் அங்கே அண்ணனும் தம்பியும். ஆனால் முதல் இரண்டு சொற்களுக்கும் இங்கிலீஷில் இரட்டை வேலை. அப்பாவைப் போன்ற என்ற பொருளும் உண்டு, அப்பா வழி உறவு என்று திசை காட்டுவதும் உண்டு. ஃபிரட்டர்னல் அன்றாடப் பேச்சில் அந்தத் திசை காட்டும் வேலையைச் செய்வதில்லை. சித்தப்பா, பெரியப்பா இருவரும் பாட்டர்னல் அங்கிள், தாய்மாமா மெட்டர்னல் அங்கிள், அவ்வளவுதான். அண்ணன் மகளைச் சொல்ல வேண்டுமானால் ‘மை பிரதர்ஸ் டாட்டர்’ என்று நேராகச் சொல்லிவிடலாம்.

மானிடவியல் புத்தகங்களில் மட்டும் நேரடி உறவுப் பொருளில் வரும். அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே பெண்ணை மணக்கும் வழக்கத்தை ஃபிரட்டர்னல் பாலியாண்ட்ரி என்பார்கள், நீலகிரித் தோடர்களிடம் முன்பு இருந்ததாக எழுதுவது இதைத்தான். பிளஸ் டூவுக்கு அது வேண்டாம்.

அப்புறம் உச்சரிப்பு. அழுத்தம் நடுவில் வரும் ‘டர்’ மேல் விழ வேண்டும். நம் பிள்ளைகள் ‘ஃப்ராட்’ என்று முதலிலேயே அழுத்துகிறார்கள்.

மார்த்தாண்டம் நர்ஸ்:

இரட்டைப் பிள்ளை விஷயத்துக்கு நான் வருகிறேன். ஒரே மாதத்தில் ரெண்டு கருமுட்டை வெளியாகி, ரெண்டும் தனித்தனி விந்தணுவோடு சேர்ந்தால் அது ஃபிரட்டர்னல். ஒரே கரு ரெண்டாகப் பிரிந்தால் ஐடென்டிக்கல். ஃபிரட்டர்னலில் ஆணும் பெண்ணும் வரலாம், ரெண்டும் ஆணாகலாம், ரெண்டும் பெண்ணாகலாம். வேறு வேறு வருஷத்தில் பிறந்த கூடப்பிறந்தவர்கள் எவ்வளவு ஒத்திருப்பார்களோ அவ்வளவுதான் இவர்களும், ஒரே வயிற்றில் ஒன்றாக இருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம். அதனால்தான் அந்தப் பெயர். அம்மா வழியில் இரட்டை இருந்தாலும், அம்மாவுக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தாலும், குழந்தைப்பேறு சிகிச்சை எடுத்திருந்தாலும் வாய்ப்பு கூடும்.

ரிப்போர்ட்டில் ஃபிரட்டர்னல் என்று பார்த்துவிட்டு ஆண் பிள்ளைதான் என்று வீட்டில் பேச ஆரம்பிக்கிறார்கள், தயவுசெய்து அப்படி எடுக்காதீர்கள். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994ஆம் வருஷச் சட்டம் தடை செய்திருக்கிறது, இந்தச் சொல்லும் அதைச் சொல்லவில்லை. ரெண்டு நஞ்சுக்கொடி தெரிந்தால் உடனே ஃபிரட்டர்னல் என்று முடிவு கட்டவும் கூடாது. கரு முதல் சில நாளிலேயே பிரிந்திருந்தால் ஐடென்டிக்கலுக்கும் ரெண்டு நஞ்சுக்கொடி இருக்கும்.

கருங்கல் தோழர்:

எங்கள் அண்டியாபீஸ், அதாவது முந்திரி ஆலைத் தொழிலாளர் சங்க மாநாட்டில் இந்தச் சொல் எப்போதும் வரும். பக்கத்துச் சங்கத்திலிருந்து வாழ்த்திப் பேச வருபவரை ஃபிரட்டர்னல் டெலிகேட் என்போம். மேடையில் உட்காரலாம், பேசலாம், ஓட்டுப் போட முடியாது, ஓட்டு எங்கள் சொந்தப் பிரதிநிதிகளுக்கு மட்டும்தான். நோட்டீஸில் தமிழில் போடும்போது தோழமைச் சங்கம், சகோதரச் சங்கம் என்று போடுகிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள், முந்திரி உடைப்பதும் தோல் எடுப்பதும் அவர்கள்தானே. அவர்களும் ஃபிரட்டர்னல் டெலிகேட்தான், பெண் என்பதற்காகச் சொல் மாறாது. ஒரே கொள்கைக்காரர்கள், ஆனால் வேறு அமைப்பு. இந்த உறவைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் இங்கிலீஷில் எனக்குத் தெரிந்து இல்லை.

தக்கலை டியூஷன் டீச்சர்:

ரொம்ப நன்றி, நர்ஸ் அக்கா சொன்னதை அப்படியே அந்தப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது வாத்தியாரே. பிரதர்லி என்று ஒரு சொல் இருக்கும்போது ஃபிரட்டர்னல் எதற்கு? ரெண்டையும் மாற்றி மாற்றிப் போடலாமா?

கோட்டாறு வாத்தியார்:

எல்லா இடத்திலும் முடியாது. பிரதர்லி வீட்டுச் சொல். பரீட்சைக்கு முந்தின நாள் அண்ணன் தோளில் தட்டிச் சொல்வது பிரதர்லி அட்வைஸ், அங்கே ஃபிரட்டர்னல் போட்டால் விறைப்பாக இருக்கும். ஃபிரட்டர்னல், சங்கமும் சபையும் நாடும் பேசும் சொல். தோழர் சொன்ன டெலிகேட், இரண்டு நாடுகளுக்கிடையே ஃபிரட்டர்னல் ரிலேஷன்ஸ், அமெரிக்கப் போலீஸ்காரர்கள் 1915இல் தொடங்கிய ஃபிரட்டர்னல் ஆர்டர் ஆஃப் போலீஸ் என்று எல்லாமே அந்த வகை. நம் கத்தோலிக்கப் பங்குகளில் ஃபிரட்டர்னல் கரெக்‌ஷன் என்று கேட்டிருப்பீர்கள். தவறு செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசு என்று மத்தேயு 18இல் வருகிறதே, அதைத்தான் சொல்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு எளிதாகப் பதிய வேண்டுமானால் அரசியலமைப்பின் முகவுரையை எடுத்து வையுங்கள். லிபர்ட்டி, ஈக்வாலிட்டி, ஃப்ரட்டர்னிட்டி என்று வருவதில் கடைசிச் சொல்தான் இதன் பெயர்ச்சொல். 1976இல் சேர்த்த அடிப்படைக் கடமைகளில் அதே எண்ணத்தைக் காமன் பிரதர்ஹுட் என்று போட்டிருக்கிறார்கள். அம்பேத்கர் 1949 நவம்பர் 25ஆம் தேதி பேசியதில் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது என்று சொன்னார். அந்தப் பேச்சை வகுப்பில் வாசிக்கலாம், சொல்லோடு சேர்த்து அதன் கனமும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்.

குளச்சல் கப்பல்காரன்:

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன் டீச்சர். ஃபிரட்டர்னைஸ் என்ற வினைச்சொல்லைப் பிள்ளைகள் நல்ல அர்த்தத்தில் மட்டும் நினைத்து எழுதிவிடப் போகிறார்கள். பட்டாளத்தில் அது குற்றம். 1914 கிறிஸ்துமஸில் பிரிட்டிஷ், ஜெர்மன் சிப்பாய்கள் பதுங்குகுழியை விட்டு வெளியே வந்து கைகுலுக்கினார்களே, அதிகாரிகள் பிறகு தடை போட்டது அதற்குத்தான். கப்பலில்கூட, பயணிகளோடு நெருங்கிப் பழகக் கூடாது என்று சொல்ல இதே சொல்லைப் போடுவார்கள்.

தக்கலை டியூஷன் டீச்சர்:

இதுவும் நோட்டில் ஏறியாச்சு அண்ணாச்சி. அந்தப் பையனுக்குப் பாட்டர்னல் அங்கிள் என்று திருத்திக் கொடுத்துவிட்டேன். அடுத்த வகுப்பில் ஃபிரட்டர்னல், பிரதர்லி ரெண்டையும் வைத்து ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் இங்கேயே போடுகிறேன், பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.